படிப்புக்குக் காசு இருக்கிறது, கடதாசி இருக்கிறதா?

(மன்னார் பள்ளிமுனையில், உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமாக நடந்த கூட்டத்தில் நமது சங்கத்தின் கல்விப் பொறுப்பாளர் ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ள குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



தேயிலைத் தோட்டத்துச் சங்கத்துக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மலையகத்துக்கும் மன்னாருக்கும் உள்ள தொடர்பு புதியது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது முன்னோர் தோணியில் வந்து இறங்கியது இந்த மன்னார்க் கரையில்தான். இங்கிருந்துதான் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் வந்த பிறகும் பாதை இதுதான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அழுதுகொண்டு கப்பல் ஏறியதும் தலைமன்னார்த் துறையில்தான். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு வந்த குடும்பங்கள் பல வன்னியிலும் இந்த மாவட்டத்தின் பெருநிலப்பரப்பிலும் குடியேறின. அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பள்ளிமுனையின் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடலுக்குப் போனால்தான் சோறு, மலைக்குப் போனால்தான் சோறு. நாளாந்தம் உழைத்துச் சாப்பிடுகிற இரண்டு கூட்டத்தாரும் ஒரே பந்தலில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட மாவட்டங்கள் 16. அந்தப் பட்டியலில் மன்னார் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவையும் இருக்கின்றன. அனுமதி இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் கொடுக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒரு கதவு சற்று அகலமாகவே திறந்திருக்கிறது. இன்று நான் பேச வந்தது அந்தக் கதவுக்கு உள்ளே போன பிறகு வரும் செலவைப் பற்றி.

"நம்மட பிள்ளைக்கு எதுக்கு கெம்பஸ்? யார் செலவழிக்கிறது?" இந்தப் பேச்சை லயத்திலும் கேட்டிருக்கிறேன், கடற்கரைக் குடிசையிலும் கேட்டிருக்கிறேன். வெட்டுப்புள்ளி வர முன்னமே, விண்ணப்பம் நிரப்ப முன்னமே, அடுப்படியில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு பெண்பிள்ளைகளுக்குத்தான். பெற்றோரை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு கணக்கும் தெரியாமல் பயப்படுகிறார்கள். அந்தக் கணக்கை இன்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலாவது விஷயம். அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டப் படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் அது. ஆனால் அந்த இலவசக் கல்வி தோட்டத்துக்குள் உடனே வரவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் நமது பிள்ளைகளுக்கும் இடையில் ஒரு தலைமுறை தூரம் விழுந்தது அப்படித்தான். நம்மில் பலருடைய வீட்டில் பல்கலைக்கழகப் படிவத்தை முன்பு யாரும் நிரப்பியதில்லை. வழி கேட்க ஒரு மாமா இல்லை, ஒரு அக்கா இல்லை. அதனால்தான் சங்கம் இந்த வேலையைக் கையில் எடுத்தது.

கற்பித்தல் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லையா? இருக்கிறது. பதிவுக் கட்டணம், சாப்பாடு, விடுதி அல்லது வாடகை அறை, பஸ் செலவு, போட்டோ பிரதி, போன் டேட்டா. அந்தச் செலவுக்குத்தான் உதவி. என்னென்ன உதவி உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, மகாபொல. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிதியம் இது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சி. மகாபொல சந்தைகளிலிருந்தும் லொத்தரிலிருந்தும் வந்த பணத்தில் வளர்ந்தது. சம்பள நாளில் கடைத்தெருவில் லொத்தர் டிக்கட் வாங்கிய தொழிலாளியின் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். திறமைக்கு ஒரு பகுதி, குடும்ப வருமானத்தைப் பார்த்து மற்றப் பகுதி. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது.

இரண்டு, பர்சரி என்று சொல்கிற மாணவர் உதவித்தொகை. மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது. மகாபொல பட்டியலில் பெயர் வரவில்லை என்று தெரிந்தவுடன் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் பர்சரிக்கு விசாரிக்க வேண்டும். 2025இல் இது 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆனது. தொகைகளும் வருமான எல்லையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணா போன வருடம் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஆண்டு அறிவித்தலைப் பாருங்கள்.

மூன்று, இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம். 1940களில், இங்கு இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த எம். எஸ். அனே காலத்தில் தொடங்கியது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளில் உயர்தரம் படிப்பவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கும் உதவுகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைக் கவனியுங்கள். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள் என்பதைத் தோட்ட நிர்வாகம் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும்.

நான்கு, இந்தியாவுக்குப் போய்ப் பட்டம் படிக்க இந்திய அரசு தரும் புலமைப்பரிசில்கள். நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் என்பது அதில் ஒன்று. போட்டி கடினம்தான். ஆனால் விண்ணப்பிக்காதவருக்குப் போட்டியே இல்லை.

ஐந்து, வட்டியில்லா மாணவர் கடன். 2017 முதல் நடக்கிறது. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், அங்கீகாரம் பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் குறித்த சில பட்டங்களைப் படிப்பதற்கு. இது உதவி இல்லை, கடன். வட்டி இல்லாவிட்டாலும் முதலைக் கட்டத்தான் வேண்டும், பிணை நிற்கவும் ஆள் வேண்டும். படித்து முடித்தால் வேலை எப்படி, மாதத் தவணை எவ்வளவு என்று கணக்குப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

ஆறு, தேசிய கல்வியியல் கல்லூரிகள். மலையகத்துக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்லூரி, வடக்கில் வவுனியா, யாழ்ப்பாணம். தங்கிப் படிக்கலாம், மாதப் படியும் உண்டு, முடித்தால் ஆசிரியர் வேலை. பல்கலைக்கழகம் கிடைக்காதது வாழ்க்கை முடிந்ததாக அர்த்தம் இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளும் இருக்கின்றன. எலக்ட்ரிக் வேலை, வெல்டிங், தாதிய உதவியாளர் என்று கையில் ஒரு என்.வி.கியூ. சான்றிதழோடு வெளியே வரலாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2025இல் உயர்த்தப்பட்ட மகாபொல 7,500 ரூபா என்றால் "அது என்ன காசு, பத்து நாளைக்குக் காணாது" என்று சிலர் சொல்வார்கள். முழுச் செலவுக்கும் காணாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வருடத்தில் பத்து மாதம் மட்டும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 75,000. நான்கு வருடப் படிப்பில் மூன்று லட்சம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. மூன்று லட்சத்தை அதனால் பிரித்துப் பாருங்கள். 222 நாள் வருகிறது. ஒரு தாய் 222 நாள் அட்டைக் கடியோடு மலை ஏறி இறங்கி, பேர் விழும் வரைக்கும் கொழுந்து பறிக்கிற கூலி அது. ஒரு படிவத்தை நேரத்துக்குக் கொடுக்காமல் விட்டால் நாம் தொலைப்பது அவ்வளவு.

அந்தப் படிவம் ஏன் தவறுகிறது? இதுதான் இன்று நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த உதவிகள் எல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்கு. ஆனால் ஏழை என்று வாயால் சொன்னால் போதாது, கடதாசியில் காட்ட வேண்டும். யார் உண்மையிலேயே ஏழையோ அவர்களிடம்தான் கடதாசி குறைவு. அரச உத்தியோகத்தரின் பிள்ளைக்கு அப்பாவின் சம்பளச் சிட்டை ஒழுங்காக இருக்கும், வீட்டுக்கு இலக்கம் இருக்கும், எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு அப்படியா?

பெயரை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் அப்பாவுடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் முனியாண்டி. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். அடையாள அட்டையில் முனியாண்டி என்பது இங்கிலீஷ் எழுத்தில் வேறு விதம். தோட்டத்துப் பேரேட்டில் ஆண்டி. பாடசாலைப் பதிவேட்டில் எம். ஆண்டி. ஊரில் எல்லோருக்கும் தெரியும் அது ஒரே ஆள் என்று. கொழும்பில் கோப்பைப் பார்க்கிற உத்தியோகத்தருக்குத் தெரியாது. அவர் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் இறுதித் திகதி போய்விடும். யுத்தத்தில் இடம்பெயர்ந்த மன்னார்க் குடும்பங்களுக்கு இன்னொரு பிரச்சினை. பெட்டியோடு பத்திரங்களும் போய்விட்டன. பிரதி எடுக்க வேண்டும், சிலவற்றில் திருத்தம் செய்ய வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படாமல் இருந்தால் காலந்தாழ்த்திய பதிவு செய்யலாம். சிறு வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். எது போதும் என்று விண்ணப்பம் கேட்கிற அலுவலகத்திலேயே விசாரியுங்கள். இவை ஒரு நாள் வேலை இல்லை. சிலவேளை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் முடிவு வரும் வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே தொடங்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது முகவரி. லயத்தில் அறைக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதம் தோட்ட ஒபிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. ஆகவே கடிதத்தை நம்பி இருக்காதீர்கள். பிள்ளையின் பெயரில் ஒரு போன் இலக்கம், ஒரு மின்னஞ்சல் வேண்டும். அவற்றைப் படிப்பு முடியும் வரை மாற்றாதீர்கள். இடையில் சிம்மை மாற்றினால் செய்தி பழைய இலக்கத்துக்குப் போகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தைக் கிழமைக்கு இரண்டு தடவை பார்க்கப் பழகுங்கள்.

மூன்றாவது வருமானம். இதில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. சிலர் உதவி கிடைக்க வேண்டும் என்று வருமானத்தைக் குறைத்து எழுதுகிறார்கள். பொய் என்று பிடிபட்டால் உதவி நிற்கும், கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள், பிள்ளையின் பெயரும் கெடும். வேறு சிலர் மானம் பார்த்துக் கூட்டி எழுதுகிறார்கள். கிராம சேவகர் முன்னால் நின்று "எனக்கு மாதம் இவ்வளவுதான்" என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு வெட்கம். நல்ல மாரிக் காலத்தில், மீன் பட்ட மாதத்து வருமானத்தைச் சொல்லிவிட்டு வருகிறார். கடல் கொந்தளித்து வள்ளம் கரையில் கிடந்த மாதங்களைச் சொல்ல மறந்துவிடுகிறார். அவருடைய ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் குடும்பம் பணக்காரக் குடும்பம் ஆகிவிடும். வெட்கப்பட எதுவும் இல்லை. உள்ளதை உள்ளபடி, ஒரு வருடத்துக்கும் கணக்கெடுத்துச் சொல்லுங்கள்.

அதற்கு ஆதாரம் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சம்பளச் சிட்டையைக் கிழித்து வெற்றிலை மடிக்காமல் ஒரு வருடத்துக்கு உள்ளதைச் சேர்த்து வையுங்கள். எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை நாள் அரைப்பேர், எவ்வளவு கழித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மொத்த வருமானத்தைக் கேட்டால் மொத்தத்தை எழுதுங்கள், கையில் கிடைத்ததைக் கேட்டால் அதை எழுதுங்கள், இரண்டையும் குழப்ப வேண்டாம். கடற்றொழிலாளருக்குச் சிட்டை இல்லை. ஒரு கொப்பியில் திகதி போட்டு, மீன் விற்ற காசு, எண்ணெய்ச் செலவு, வலைச் செலவு, பங்கு போன பிறகு மிஞ்சியது என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதமும் சேர்ந்தால் கிராம சேவகருக்கு வருமானத்தை உறுதிப்படுத்த இலேசு. கொழும்பில் கடையில் வேலை செய்கிற அண்ணன் அனுப்புகிற காசு, அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்புகிற காசு, இவற்றைப் பற்றியும் படிவம் என்ன கேட்கிறது என்று கவனமாக வாசியுங்கள்.

தகப்பன் விட்டுப் போன குடும்பங்கள், யுத்தத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மரணச் சான்றிதழும் இல்லை, ஆளும் இல்லை என்ற நிலைமையில் தகப்பனின் வருமானம் என்ற கட்டத்துக்கு முன்னால் பேனா நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அனுப்பாதீர்கள். நிலைமையை எழுதி, கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்திக் கடிதம் வாங்கி இணையுங்கள். வெறுமையான கட்டம் கவனக்குறைவாகத்தான் தெரியும், கடிதம் இருந்தால்தான் உங்கள் நிலைமை அவர்களுக்குத் தெரியும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. பிரதேச செயலகத்தில் தமிழில் படிவம் கேட்பதும் தமிழில் பதில் கேட்பதும் சலுகை இல்லை, உரிமை. சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிற இடத்துக்குப் போகும்போது பயந்து திரும்பி வராதீர்கள். சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் சொல்லுங்கள், ஒரு ஆளைத் துணைக்கு அனுப்புவோம்.

இனி எதை எப்போது செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த மாதமே ஒரு பைல் கவர் வாங்குங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதிகள், சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், சம்பளச் சிட்டைகள், அஸ்வெசும கிடைக்கிறதென்றால் அதற்கான ஆதாரம், படிக்கிற தம்பி தங்கைகளின் பாடசாலை உறுதிக் கடிதம், எல்லாவற்றையும் அதில் போடுங்கள். அஸ்திவாரம் அந்தப் பைல்தான். அதை நனையாத இடத்தில் வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகும், கடற்கரையில் உப்புக் காற்று. பொலித்தீன் பையில் சுற்றி வைத்தால் நல்லது. போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

பெயர்களை ஒன்றோடு ஒன்று ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்த வேலையைத் தொடங்குங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் திறந்துவிடுங்கள்.

பெறுபேறு வந்தவுடன் மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக் கைந்நூலை வெளியிடும். அதைத் தமிழில் வாசியுங்கள். விண்ணப்பத்துக்குக் கொடுக்கப்படும் காலம் சில கிழமைகள்தான். கடைசி நாளில் கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நிற்க வேண்டாம். சிக்னல் போகும், கரண்ட் போகும். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலைகளில் படித்தீர்கள் என்பதை வைத்தே உங்கள் மாவட்டம் முடிவாகும். இடையில் பாடசாலை மாறிய பிள்ளைகள் அந்த விபரத்தைச் சரியாக எழுத வேண்டும். பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதும்போது, வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக விருப்பமில்லாத படிப்பை முதலில் போடாதீர்கள். தூரத்தில் படிப்பது செலவுதான். ஆனால் பர்சரி கொடுக்கும்போது வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தூரத்தையும், வீட்டில் படிக்கிற சகோதரர்களின் எண்ணிக்கையையும் கவனத்தில் எடுக்கிறார்கள்.

தெரிவு வந்தவுடன் வேலை முடிந்ததென்று நினைத்துப் பால்சோறு சமைத்துவிட்டு இருக்காதீர்கள். மகாபொல தானாக வீட்டு வாசலுக்கு வராது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கொடுத்த ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு பிரதி, பதிவுத் தபால் துண்டு, இலக்கம், திகதி எல்லாவற்றையும் அந்தப் பைலில் வையுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் மேன்முறையீடு செய்ய வழி உண்டா, எந்தத் திகதிக்குள் என்று உடனே கேளுங்கள். "இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று திரும்பி வருகிற பிள்ளைகளில் பலர் ஏன் இல்லை என்று கேட்பதில்லை. தொழிற்சங்கத்துக்காரரின் பிள்ளை அப்படித் திரும்பக் கூடாது.

இனி எல்லோரும் மறக்கிற ஒரு விஷயம். உதவி கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் செல்லும். பிள்ளை போவது முதலாம் மாதம், காசு வருவது பிறகு. பல பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடைவெளியில்தான். சிலர் அந்த மாதங்களில் படிப்பை விட்டுத் திரும்பியும் விடுகிறார்கள். பெற்றோர் என்ன செய்கிறார்கள்? தோட்டத்தைச் சுற்றி வருகிற, கடற்கரையைச் சுற்றி வருகிற நுண்கடன்காரரிடம் போகிறார்கள். கிழமைக்குக் கிழமை தவணை. அம்மா தோட்டையும் சங்கிலியையும் கொடுத்து முடிக்கிறார். அந்தக் கடனை எடுக்காதீர்கள் என்று வெறுமனே சொன்னால் அது வெறும் உபதேசம். வேறு வழி காட்ட வேண்டும்.

வழி நம்மிடமே இருக்கிறது. தோட்டத்தில் மரண சகாய சங்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் செத்தால் மாலைக்குள் பணம் சேர்கிறது, யாரும் எழுதிக் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். இங்கே மீனவர் சங்கங்கள் இருக்கின்றன, ஆலயத் திருநாளுக்கு ஊரே பணம் போடுகிறது. சாவுக்கும் திருநாளுக்கும் சேர்க்கத் தெரிந்த நமக்கு, ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போகிற இரண்டு பிள்ளைகளின் முதல் மூன்று மாதச் சாப்பாட்டுக்குச் சேர்க்க முடியாதா? ஒரு வீட்டுக்கு மாதம் நூறு ரூபா. நூறு வீடு இருந்தால் மாதம் பத்தாயிரம், வருடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம். இது தானம் இல்லை. மகாபொல கிடைக்கத் தொடங்கியதும் பிள்ளை தன்னால் முடிந்த விதத்தில் திருப்பிப் போடும், அடுத்த பிள்ளை எடுக்கும். கணக்கைப் பெண்கள் கையில் கொடுங்கள், சந்தேகம் வராது.

சங்கத்தின் பக்கமிருந்து நாங்கள் எடுத்திருக்கிற பொறுப்பையும் சொல்கிறேன். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எடுக்க வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் யார் தவறிப் போனார் என்பதே தெரியாது. பெறுபேறு வந்த கிழமையிலிருந்து விண்ணப்பம் முடியும் வரை மாவட்டக் காரியாலயத்தில் கணினியோடு ஒரு ஆள் இருப்பார். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படிக்கிற நமது பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது ஒரு நாளையாவது இதற்குத் தர வேண்டும். போன வருடம் அதே படிவத்தை நிரப்பியவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வது நான் மேடையில் சொல்வதைவிடப் பயன் தரும். மன்னாரில் இருக்கிற குடும்பங்களுக்கும் இதே உதவி. நீங்கள் நமது அங்கத்தவரா இல்லையா என்று பார்க்க மாட்டோம்.

தகப்பன்மாருக்குக் கடைசியாக ஒன்று. வாசல்வரை வந்து நிற்கிற மகளைத் தூரம் என்று சொல்லித் தடுக்காதீர்கள். நமது வீட்டுப் பிள்ளைகள் பதினாறு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகும்போது தூரம் பார்க்கவில்லை. படிக்கப் போகும்போது மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? ஒரு பிள்ளை படித்து வந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் படிவம் நிரப்ப ஊரில் ஒரு ஆள் இருக்கும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உதவி கேட்பது பிச்சை இல்லை. உங்கள் தாய் தகப்பன் ஏற்றுமதி செய்து, மீன் பிடித்து, வரி கட்டி வளர்த்த நாட்டில் உங்களுக்குள்ள பங்கு அது. பங்கைக் கேட்கும்போது நேராக நின்று கேளுங்கள், கடதாசியோடு கேளுங்கள்.

பின்னால் மேசையில் நமது தோழியர் இருவர் இருக்கிறார்கள். பத்திரம் கொண்டுவந்தவர்கள் இன்றைக்கே காட்டுங்கள், பெயர் ஒத்துப் பார்ப்பார்கள். கொண்டுவராதவர்கள் பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.